வாங்கியவன்தான் சோதனை எலி

2014 ஜூலையில் ரெமிங்டன் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. அந்த வருட ஆரம்பத்தில்தான் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு அறிமுகமாகியிருந்த ஆர்51 என்கிற சின்னக் கைத்துப்பாக்கியைப் பற்றியது அது. அறிவிப்பின் சாரம்: அனுபவசாலிகள் பலர் சோதித்துப் பார்த்தார்கள், குறையே இல்லாமல் வேலை செய்தது. கடைக்கு வந்தபிறகு சில துப்பாக்கிகளில் பிரச்சனை இருப்பதாக வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். ஆராய்ந்தோம். துப்பாக்கி பாதுகாப்பானதுதான், ஆனால் சில எங்கள் தரத்துக்கு எட்டவில்லை. முன்மாதிரியிலிருந்து பெருவாரி உற்பத்திக்கு மாறும்போது வந்த சிக்கல்கள்தான் காரணம். திருப்பி அனுப்புங்கள், புதுசு தருகிறோம். கூடவே இரண்டு மேகசினும் ஒரு பெலிக்கன் பெட்டியும் இலவசம். அக்டோபரில் உற்பத்தி மறுபடி தொடங்கும்.

படித்ததும் ‘பரவாயில்லையே, நாணயமான கம்பெனி’ என்று தோன்றுகிறதா? தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றே எழுதப்பட்டது. எனக்குச் சண்டை அந்த அறிவிப்போடுதான், அதிலும் ஒரே ஒரு வரியோடு. முன்மாதிரியிலிருந்து உற்பத்திக்கு மாறும்போது வந்த சிக்கல்களாம். மழை வந்தது, பஸ் லேட்டு என்கிற மாதிரி, யாரும் செய்யாமல் தானாக நடந்துவிட்ட ஒன்றைப் போல அந்த வரி உட்கார்ந்திருக்கிறது. ஐயா, அந்த மாற்றத்தைச் செய்வதுதானே உங்கள் தொழில்? ஒரு துப்பாக்கியை ராவு ராவு என்று ராவி, தேய்த்து, கச்சிதமாக ஓட வைக்க ஒரு நல்ல கம்மியர் போதும். பத்தாயிரத்தை அதே மாதிரி ஓட வைக்கத்தான் தொழிற்சாலை, அளவுக்கருவி, தரச்சோதனை, சம்பளம் வாங்கும் பொறியாளர்கள். அந்த இடத்தில் வழுக்கினோம் என்பவர் தன் முழு வேலையிலும் வழுக்கியதாகத்தான் சொல்கிறார். ஆனால் அப்படிச் சொல்வதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

துப்பாக்கியே பிடிக்காது, அமெரிக்காக்காரன் துப்பாக்கி வெடித்தால் என்ன வெடிக்காவிட்டால் என்ன என்று தாண்டிப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு சமூகம் தான் விற்கும் பொருள்களில் எதற்குக் கணக்குக் கேட்கிறது, எதற்குக் கேட்பதில்லை என்று பார்த்தால் அந்தச் சமூகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். இந்தச் சின்னப் பிஸ்டல் அதற்கு நல்ல ஜன்னல்.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். அதில் ஒரு அழகு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜான் பெடர்சன் என்று ஒருவர், முதல் உலகப்போர் காலத்தில் ரெமிங்டனுக்காகத் துப்பாக்கிகள் வடிவமைத்தவர். அவருடைய மாடல் 51 என்கிற பாக்கெட் பிஸ்டல் 1918ல் விற்பனைக்கு வந்து 1926 வாக்கில் நின்றது. மொத்தம் ஏறத்தாழ 65,000. ஜெனரல் பேட்டன்கூட ஒன்று வைத்திருந்தார். அந்தக் காலத்துச் சின்னப் பிஸ்டல்கள் பெரும்பாலும் முரட்டு யோசனையில் இயங்குபவை: தோட்டா வெடித்ததும் பின்னால் உதைக்கும் விசையை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே தாங்கும். அதனால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும், ஸ்லைடை இழுக்கக் கை நோகும். பெடர்சன் என்ன செய்தார்? ஸ்லைடுக்குள் தனியாக ஒரு எஃகுக் கட்டையை வைத்தார். பிரீச் பிளாக் என்பார்கள். வெடித்ததும் கட்டையும் ஸ்லைடும் சேர்ந்து ஒரு நூலளவு பின்னால் வரும், இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். அங்கே துப்பாக்கியின் உடம்பில் ஒரு படி. கட்டை அதில் முட்டி நின்றுவிடும். ஸ்லைடு மட்டும் வாங்கிய வேகத்தில் தொடர்ந்து ஓடும். அதற்குள் குழலில் அழுத்தம் இறங்கிவிடும். ஓடுகிற ஸ்லைடே கட்டையைப் படியிலிருந்து தூக்கிவிட்டுத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான். அந்தத் தயக்கத்தால் ஸ்பிரிங் இளகலாம், குழல் அசையாமல் நிற்கலாம், கையில் உதை குறையும்.

கேட்க இனிமையாக இருக்கிறது அல்லவா? இதற்கு ஒரு விலை உண்டு. கட்டையின் விளிம்பு, படியின் விளிம்பு, ஸ்லைடில் கட்டையைத் தூக்கும் சரிவு எல்லாம் ஒன்றோடொன்று நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் பிசிறு இருந்தால் எல்லாம் திக்கும். மாடல் 51 செய்வதற்குச் செலவு பிடிக்கும் துப்பாக்கி என்று பெயர் எடுத்தது இதனால்தான்.

கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து ரெமிங்டன் இந்த யோசனையைத் தூசி தட்டி எடுத்தது. நல்ல விஷயம். ஆனால் மூன்று காரியத்தை ஒரே நேரத்தில் செய்தது. பழையது .380 தோட்டாவுக்கும் .32க்கும் ஆனது; .380க்கு அனுமதிக்கப்பட்ட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு. புதியது 9 மில்லிமீட்டரில் வீரியம் கூடிய +பி ரகத்துக்கும் என்றார்கள். அதன் அழுத்தம் 38,500. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழையது எஃகு உடம்பு, புதியது அலுமினியம். பழையது விலை கூடியது, புதியதற்குக் கம்பெனி போட்ட விலை 420 டாலர். கஷ்டமான வடிவமைப்பு, இரட்டிப்பு அழுத்தம், மலிவான விலை. இதில் எந்த இரண்டையாவது தேர்ந்தெடு என்று கம்பெனிக்குள் யாராவது ஒரு பொறியாளர் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். இன்னொரு கூத்து: ஆரம்பத் துப்பாக்கிகள் வட கரோலினாவின் சார்லட்டில், ரெமிங்டன் சமீபத்தில் விலைக்கு வாங்கியிருந்த பாரா கம்பெனியின் ஆலையில் செய்யப்பட்டன. அதே 2014லேயே பல ஆலைகளின் உற்பத்தியை அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லுக்கு மாற்றும் முடிவும் வந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டே கல்யாணத்துக்குச் சமைத்தார்கள்.

வாங்கியவர்கள் கையில் என்ன நடந்தது? ஸ்லைடை இழுத்தால் மணல் போட்ட மாதிரி நரநரவென்று இருந்தது, நடுவில் திக்கியது. தோட்டா சரியாக ஏறாமல் சிக்கியது. பின்பக்கக் குறிமுனை ஆடியது. பிரித்துத் துடைத்தால் திரும்பப் பூட்டுவது பெரும்பாடு. இதெல்லாம் எரிச்சல், விட்டுத்தள்ளலாம். விட முடியாத ஒன்றும் இருந்தது. கட்டை முழுதாக வந்து அமர்வதற்கு முன்பே சுடுகிறது என்று சிலர் எழுதினார்கள். வயிறு உப்பி வெளியே விழுந்த தோட்டா உறைகளின் படங்களையும் போட்டார்கள். குக்கர் மூடியின் காது பூட்டாமல் இருக்கும்போது உள்ளே பிரஷர் ஏறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குக்கராவது அடுப்பில் இருக்கிறது. இது முகத்துக்கு முன்னால் நீட்டிய கையில் இருக்கிறது. இதற்குப் பிறகுதான் ‘பாதுகாப்பானதுதான், தரத்துக்குத்தான் எட்டவில்லை’ என்று கம்பெனி அறிக்கை விட்டது.

அந்த ‘அனுபவசாலிகள்’ யார் என்று பார்க்க வேண்டும். கடைக்கு வருமுன்பே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சுடவைத்தார்கள். உதை குறைவு, கைக்கு அடக்கம், குறி தவறவில்லை என்று கட்டுரைகள் வந்தன. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சுட்டது ராவித் தேய்த்த முன்மாதிரி. கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போனவர்களிடம் தங்கையைக் காட்டிய கதை நம்மூரில் உண்டே, அதுதான். ஆனால் ஒரு விமர்சகனுக்குக் கேட்கத் தெரிய வேண்டிய முதல் கேள்வி, ‘இதையேதான் கடையில் விற்பீர்களா?’ என்பது. அதைக் கேட்காதவன் விமர்சகன் இல்லை, விளம்பரதாரரின் விருந்தாளி. உண்மையைச் சொன்னவர்கள் சொந்தக் காசு போட்டு, கடையிலிருந்து எடுத்து வந்து, சிக்கிய துப்பாக்கியைப் படம் பிடித்த சாதாரண ஆட்கள்தான். இலக்கியத்திலும் இதேதான் நடக்கிறது என்று இங்கே ஒரு பாரா எழுதக் கை துடிக்கிறது. வேண்டாம், இன்னொரு நாள்.

சரி, அக்டோபர் வந்தது. துப்பாக்கி வரவில்லை. 2015 வந்தது, அந்த வருடம் கிளாக் 43 வந்து இந்தச் சின்ன 9 மில்லிமீட்டர் சந்தையை அள்ளிக்கொண்டு போனது. திருத்திய ஆர்51 கடைக்கு வந்தபோது 2016. முதலாவதைவிட மேல் என்றார்கள்.

அதே 2016ல் இன்னொரு பொருளும் செய்திகளில் இருந்தது. சாம்சங் கேலக்ஸி நோட் 7. பேட்டரி தீப்பிடித்தது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் செப்டம்பரில் களத்தில் இறங்கியது, அக்டோபரில் எல்லா நோட் 7ம் திரும்பப் பெறும் அறிவிப்பாக அது விரிந்தது. விமானத்தில் கொண்டுபோகவே தடை. சென்னை விமான நிலையத்தில்கூட அந்தப் போனை அணைத்து வையுங்கள் என்று அறிவித்த காலம் அது, ஞாபகம் இருக்கலாம். ஒரு போனுக்கு நடந்த இது ஏன் ஒரு துப்பாக்கிக்கு நடக்கவில்லை?

நடக்க முடியாது. சட்டம் அப்படி.

1972ல் அமெரிக்க நாடாளுமன்றம் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டோஸ்டர், ஏணி, குழந்தைத் தொட்டில், பொம்மை எல்லாம் அதன் கீழ் வரும். துப்பாக்கி வராது. விலக்கை எழுதிய விதம் ரசிக்கத்தக்கது: வரிச் சட்டத்தின் 4181ஆம் பிரிவின்படி எந்தப் பொருளுக்கு வரி உண்டோ அது ‘நுகர்பொருள்’ ஆகாது. அந்தப் பிரிவைத் தேடிப் போய்ப் பார்த்தால் துப்பாக்கியும் தோட்டாவும். இந்த விலக்கின் பின்னால் நின்றவர் மிச்சிகனின் ஜான் டிங்கெல். சுற்றுச்சூழல் சட்டங்களுக்காகப் பாராட்டப்படும் ஜனநாயகக் கட்சிக்காரர், கூடவே தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். பிறகு ஒரு குடிமக்கள் அமைப்பு, கைத்துப்பாக்கித் தோட்டாவை அபாயப் பொருள் என்று அறிவித்துத் தடை செய்யுங்கள் என்று ஆணையத்திடம் மனுப் போட்டது. ஆணையம் அதைப் பரிசீலிக்கத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உடனே 1976ல் நாடாளுமன்றம் அந்தச் சின்னச் சந்தையும் அடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கைத்துப்பாக்கி தானாக வெடித்தாலும், உடைந்து சிதறினாலும், ‘திரும்பப் பெறு’ என்று கட்டளையிடும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இல்லை.

இதில் உச்சம் எது தெரியுமா? காற்றுத் துப்பாக்கிக்கு அந்த வரி கிடையாது. ஆகவே அது நுகர்பொருள். 2001ல் இதே ஆணையம் டெய்சி கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தது. சின்ன எஃகுக் குண்டு உள்ளேயே ஒளிந்துகொள்கிறது, காலி என்று நினைத்துப் பிள்ளைகள் சுடுகிறார்கள் என்று சொல்லி, சுமார் 75 லட்சம் காற்றுத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெறக் கேட்டது. 2003ல் சமரசத்தில் முடிந்தது, அது வேறு கதை. ஆனால் வழக்குப் போட முடிந்தது. பையன் குருவி சுடுகிற துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்கலாம், அவன் அப்பா இடுப்பில் செருகியிருக்கிற துப்பாக்கிக்குக் கேட்கக் கூடாது.

அப்படியானால் ஒரு துப்பாக்கியை யார் திருத்துகிறார்கள்? செய்தவனே, மனசு வந்தால். மனசு வந்த உதாரணமும் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2008ல் ரூகர் தன் எல்சிபி என்கிற சின்ன .380 பிஸ்டலை, கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு என்று தானே அறிவித்து, 370 என்று தொடங்கும் எண்களை எல்லாம் திரும்பக் கேட்டு, சுத்தியல் பாகத்தை மாற்றிக் கொடுத்தது. ‘திரும்பப் பெறுகிறோம்’ என்ற சொல்லையே பயன்படுத்தியது. துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள் என்றும் சொன்னது. ஆக, நேராகச் சொல்வது முடியாத காரியம் ஒன்றுமில்லை.

மனசு அரைகுறையாக வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு சிக் சாவர். 2017 ஜனவரியில் அவர்களுடைய பி320 வகைக்கு அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. ஆகஸ்டில், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழுந்தால் வெடிக்கிறது என்று வீடியோக்கள் வந்தன, டல்லஸ் போலீஸ் அதை நிறுத்திவைத்தது. கம்பெனி என்ன அறிவித்தது? ‘தன்னார்வ மேம்படுத்தல்.’ மேம்படுத்தலாம்! போனில் புது எமோஜி வந்த மாதிரி. அடுத்த ஜனவரியில் பென்டகனின் சோதனைப் பிரிவு வெளியிட்ட ஆண்டறிக்கையில் ஒரு பத்தி இருந்தது: ராணுவத்தின் சொந்தச் சோதனையில் கீழே போட்டபோது துப்பாக்கி வெடித்தது, கம்பெனி விசைப் பாகங்களை எடை குறைத்து அதைச் சரிசெய்தது என்று. ராணுவம் பெரிய வாடிக்கையாளர். கீழே போட்டுப் பார்க்கிறது, வெடித்தால் திருத்து என்கிறது, திருத்திக் கொடுக்கிறார்கள். கடையில் ஒன்று வாங்குகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. அவன் தற்செயலாகக் கீழே போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். (பி320 யாரும் தொடாமலே வெடிக்கிறது என்ற வழக்குகள் இன்னும் நடக்கின்றன, கம்பெனி மறுக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.)

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. ‘எந்தப் பொருளிலும் முதல் தொகுதி அப்படித்தான். ஒரு வருடம் பொறுத்து வாங்கணும் பாஸ்.’ துப்பாக்கி ரசிகர்களிடம் இது ஞானம் மாதிரி புழங்குகிறது. நம்மில் மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பழகிய சங்கீதம்: முதலில் வெளியிடு, பிறகு ஒட்டுப் போடு. செயலியில் பொத்தான் வேலை செய்யாவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். உப்பிப்போன தோட்டா உறைக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. அதோடு, ‘பொறுத்து வாங்கு’ என்கிற ஞானத்துக்குள் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. எல்லோரும் பொறுத்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? யாரோ ஒருவர் முதலில் வாங்கித்தான் ஆக வேண்டும். இரவுக் காவலாளியாக இருக்கலாம், தனியாக வாழும் பெண்ணாக இருக்கலாம். பயத்தில் வாங்குகிறவர் இணையத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு வாங்குவதில்லை.

‘நீதிமன்றம் இருக்கிறதே’ என்பது அடுத்த பதில். இருக்கிறது. 2005ல் துப்பாக்கிக் கம்பெனிகளைக் காக்க வந்த சட்டம்கூட, தயாரிப்புக் குறைக்கான வழக்கை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் வழக்குக்கு முதலில் ஒரு காயம் வேண்டும், இல்லை ஒரு பிணம். அதற்குப் பிறகு வருடங்கள். இதே ரெமிங்டனின் மாடல் 700 ரைஃபிளைப் பாருங்கள். அதன் விசையை வடிவமைத்தவரே 1948ல் பாதுகாப்பான ஒரு மாற்றத்தை முன்வைத்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு. ஏற்கவில்லை. அந்தக் காகிதங்கள் வழக்குகளில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. வடிவமைப்பில் குறை என்று கம்பெனி ஒப்புக்கொள்ளாமலே, பல லட்சம் துப்பாக்கிகளின் விசையை மாற்றித் தரும் சமரசம் 2014 டிசம்பரில் எட்டப்பட்டது. 66 வருடம். அந்த வருட ஏப்ரலில்தான் புதிய விசை பொருத்திய மாடல் 700களையும் திரும்பக் கேட்டார்கள். ஜூலையில் ஆர்51. ஒரே வருடத்தில் மூன்று. இன்னமும் ‘உற்பத்திக்கு மாறும்போது வந்த சிக்கல்’ என்றுதான் நாம் நம்ப வேண்டும்.

சோதனை செய்ய முடியாத பொருளா இது? ஐரோப்பாவில் பல நாடுகளில் ஒவ்வொரு துப்பாக்கியையும் வழக்கத்தைவிடக் கூடிய அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தாமல் விற்க முடியாது. லண்டனில் இந்த வழக்கத்தின் வேர் 17ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813ல் வந்தது. அமெரிக்காவிலேயே கலிஃபோர்னியா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மாடலுக்கு மூன்று துப்பாக்கி, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா, ஆறு முறைக்கு மேல் சிக்கக்கூடாது, கீழே போட்டால் வெடிக்கக்கூடாது. துப்பாக்கிக்காரர்கள் இந்தப் பட்டியலைத் திட்டுவார்கள். திட்டுவதில் பாதி நியாயம். 2013ல் அதோடு, சுட்ட தோட்டா உறையில் அடையாளம் பதிக்கும் தொழில்நுட்பமும் வேண்டும் என்று சேர்த்தார்கள். அதன்பின் பல வருடம் புதிய பிஸ்டல் எதுவும் உள்ளே நுழையவில்லை. பாதுகாப்புச் சோதனை என்று தொடங்கியது பின்கதவு வழித் தடையாக மாறியது. அதனால் என்ன நஷ்டம் என்றால், ‘சோதனை’ என்ற சொல்லைக் கேட்டாலே அந்தப் பக்கம் ‘தடை’ என்று காதில் விழுகிறது. இந்தப் பக்கத்திலோ, துப்பாக்கியை எதிர்ப்பவர்களில் பலருக்கு அது நன்றாக வேலை செய்வதில் அக்கறை இல்லை. நல்ல துப்பாக்கி, கெட்ட துப்பாக்கி என்று பிரித்தாலே தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். இரண்டு கூட்டமும் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் கம்பெனி நிம்மதியாக முன்மாதிரியிலிருந்து உற்பத்திக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

600 தோட்டா என்பது அதிகமா? மொத்த விலையில் பார்த்தால் அன்றைக்குச் சில நூறு டாலர். சார்லட் ஆலையின் வரிசையிலிருந்து வந்த முதல் மூன்று ஆர்51களை எடுத்து, விருந்தாளிகள் யாரும் இல்லாமல், ஒரு சாயங்காலம் யாராவது சுட்டுப் பார்த்திருந்தால் போதும். ஸ்லைடை இழுத்ததுமே கைக்குத் தெரிந்திருக்கும்.

திருப்பி அனுப்பியவர்களுக்கு இரண்டு வருடம் கழித்துப் புதுத் துப்பாக்கியும், இரண்டு மேகசினும், பெலிக்கன் பெட்டியும் போய்ச் சேர்ந்தன. 2007லிருந்து செர்பரஸ் என்கிற முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்த ரெமிங்டன், 2018 மார்ச்சில் திவால் மனுப் போட்டது. 2020ல் இரண்டாவது தடவை. தோட்டாப் பிரிவு ஒருவருக்கு, மார்லின் ரைஃபிள் ரூகருக்கு, ரெமிங்டன் துப்பாக்கி இன்னொருவருக்கு என்று துண்டு துண்டாக விற்றார்கள். 1816ல் தொடங்கிய கம்பெனியின் தாய்வீடான நியூயார்க்கின் இலியன் ஆலை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ஆர்51ஐ இப்போது யாரும் செய்வதில்லை. பெலிக்கன் பெட்டி மட்டும் நல்ல பெட்டி என்கிறார்கள், தண்ணீர் புகாது.